மூணு ஊருல செட்டு

அன்றைக்கு வேனில் போனவர்கள்: பெண் பார்க்கப் புறப்பட்ட செட்டுக்காரர், அவருடைய அக்கா, அக்காவின் வீட்டுக்காரரான மாமா, வண்டி ஓட்டிய நான். அது தவிர, மாமாவின் சட்டைப் பையில் கைக்குட்டைக்குள் சுருட்டி வைத்த அவருடைய பல்செட். பின்பக்கம், இறக்க மறந்துபோன ஒரு குழாய் ஸ்பீக்கர். இதில் அந்தப் பல்செட் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருந்தால், இந்தக் கதையைச் சொல்லும் வேலையே எனக்கு வந்திருக்காது.

முதலில் செட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷில் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தொழில் பண்ணி, சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி, அடுத்தவர் வீட்டு விசேஷங்களையும் நடத்திக் கொடுத்துவிட முடியும் என்றால், அப்படிப்பட்ட மனிதர் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒருத்தர்தான். வேறு தேசங்களில் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. இருக்க மாட்டார்கள்.

ஆட்டையாம்பட்டி பக்கம் ஒரு பிரிவு ரோட்டில் அவர் கடை. மைக் செட், பந்தல் செட், பாத்திர செட், சீரியல் செட் எல்லாம் வாடகைக்கு. போர்டு எழுத வந்த பெயிண்டர் கொஞ்சம் சிக்கனக்காரர். நாலு இடத்தில் ஒரே சொல்லை எழுதுவானேன் என்று, மைக், பந்தல், பாத்திரம், சீரியல் ஆகியவற்றை இடது பக்கம் பொடி எழுத்தில் போட்டு, வலது பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு ‘செட்’ எழுதிவிட்டுப் போனார். எங்கள் ஊர் வெயில் பொடி எழுத்தைத் தின்றுவிட்டது. பெரிய எழுத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பது ‘செட்’ என்ற ஒரு சொல்லைத்தான். என்ன செட் என்று உள்ளே வந்து கேட்டவர்களுக்கு, “உங்களுக்கு என்ன செட்டுங்க வேணும்?” என்பார். அவர் பெயர் செட்டுக்காரர் ஆனது இப்படித்தான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் அவருடைய சாமான்களை வேனில் ஏற்றி இறக்குகிறவன். எனக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம். வண்டியை நிறுத்திவிட்டு நாலடி நடந்தபின், திரும்பி வந்து ஹேண்ட்பிரேக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவேன். பந்தல் போட்டால் காற்று வருமா என்று வானத்தைப் பார்ப்பேன். காற்று வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பார்ப்பேன். அப்போதெல்லாம் செட்டுக்காரர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார்.

“எல்லாம் செட்டாயிரும் சாமி.”

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஏணியில் ஏறிவிடுவார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு அந்த ஏணி செட்டாக நிற்கிறதா என்று கவலைப்படுவேன்.

காலையில் ஓட்டலில் அவர் உட்கார்ந்ததும் சொல்வது, “ஒரு செட்டு.” அவ்வளவுதான். ஏழு மணி என்றால் இட்லி வரும். ஒன்பது மணி என்றால் தோசை வரும். சாயங்காலம் என்றால் பூரி. எதுவானாலும் ரெண்டு. மாஸ்டருக்குத் தெரியும். புதிதாக வந்த சப்ளையர் ஒருநாள், “என்ன செட்டுங்க?” என்று கேட்டுவிட்டான். செட்டுக்காரர் சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார்.

“மணியப் பாத்துத் தெரிஞ்சுக்கோணுஞ் சாமி. அப்புறம் அத எதுக்கு அங்க மாட்டி வெச்சிருக்குது?”

ஒருமுறை அவருடைய செல்போன் ஏணியிலிருந்து கீழே விழுந்துவிட்டது. செல் கடைக்குக் கூட நான்தான் போனேன். கடைக்காரரிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “செட்டு கீழ உழுந்து செட்டிங்கு மாறிப்போச்சுங்க. மறுபடி செட் பண்ணுனாலும் செட்டாக மாட்டேங்குது.” கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல், “வெச்சுட்டுப் போங்க, செட் பண்ணித் தாரேன்” என்றார். பக்கத்தில் சார்ஜர் வாங்க வந்த வெளியூர்க்காரர் ஒருத்தர் மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு செட்டும் நாலு அர்த்தம் என்பது எங்களுக்குத் தெரிந்ததில் அவருக்கு என்ன ஆச்சரியமோ.

நான் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி கட்டியபோது, கான்கிரீட் போட்ட அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விரிசல் விடுமோ என்று மணிக்கொரு தரம் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செட்டுக்காரர் வந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுத் தொட்டிக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

“நீ பாக்கறதுனாலதான் அது செட்டாக மாட்டேங்குது. உன்ற மூஞ்சியப் பாத்துப் பயந்துக்குது. போயிச் சோறு தின்னு.”

போய்த் தின்றேன். தொட்டி இன்றைக்கும் ஒழுகாமல் இருக்கிறது. அது சிமெண்டாலா, அவராலா என்று நான் ஆராயவில்லை.

எங்கள் பக்கத்தில் தகரக் கொட்டகைக்கும் செட்டு என்றுதான் பெயர். கோழி வளர்க்கிற செட்டு, தறி ஓட்டுகிற செட்டு, லாரி நிறுத்துகிற செட்டு. கூடப் படித்தவர்களுக்கும் செட்டுதான். இப்போது ஊருக்கு ஊர் பழைய மாணவர்கள் கூடுகிறார்களே, அவர்கள் ‘எங்க செட்டு’ என்று சொல்லி ஒரே நிறத்தில் பனியன் அடித்துப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பத்தாவது முடித்த வருஷம்தான் செட்டுக்குப் பெயர். அந்தக் கூட்டங்களுக்கெல்லாம் மைக் செட் நாங்கள்தான். அப்படி ஒரு கூட்டத்தில் வயதான இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் செட்டுக்காரர் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “ஏப்பா, நீ சொல்ற செட்டுல பாதி ஷெட்டு. அது கொட்டாய். இது வேற, அது வேற” என்று எடுத்துச் சொன்னார்.

“இங்கிலீஷ்ல வேறயாவே இருக்கட்டுமுங்க சார். மழை வந்தா ரெண்டையும் நாங்கதான மூட வேண்டியிருக்குது?”

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். மேடையில் ஏறியதும் மைக்கைத் தட்டி, “செட்டு வேலை செய்யுதாப்பா?” என்று அவரே கேட்டார்.

நான் ஒன்பதாவது பாதியில் நின்றவன். பத்தாவது முடித்த வருஷம் என்று ஒன்று இல்லாததால் எந்தச் செட்டிலும் எனக்கு இடம் இல்லை. பனியன் போட்டவர்கள் தோள்மேல் கை போட்டுப் போட்டோ எடுக்கும்போது நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நிற்பேன். அதொன்றும் பெரிய குறை இல்லை. ஃபியூஸ் போய்விடுமோ என்ற கவலையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இவ்வளவு செட்டு வைத்திருந்தவருக்கு ஒன்று மட்டும் செட்டாகவில்லை. அது கல்யாணம்.

எங்கள் பக்கத்தில் இப்போது நாற்பது தாண்டியும் பெண் கிடைக்காத மாப்பிள்ளைகள் தெருவுக்கு ஒருத்தர் இருக்கிறார்கள். செட்டுக்காரரும் நாற்பதைத் தாண்டிவிட்டார். மற்றவர்கள் கல்யாணத்தில் மணவறைக்கு சீரியல் செட் மாட்டும்போது, அவருடைய அக்கா கீழே நின்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் ஜாதகத்தை நீட்டுவார். ஒரு வீட்டில் மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை இல்லை என்றார்கள். ஒரு வீட்டில் கை முழுக்கக் கிரீஸ் என்றார்கள். ஒரு வீட்டில் எல்லாம் பிடித்திருந்தது, ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சத்தம் ஆகாது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து கடையைத் திறந்துகொண்டே, “செட்டாகல சாமி” என்பார். அந்த ஒரு செட்டை மட்டும் மெதுவாகச் சொல்வார்.

அப்போதுதான் இளம்பிள்ளையிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண்ணுக்கு முப்பத்தைந்துக்கு மேல். சொந்தமாகச் சேலை வியாபாரம். அதுவும் என்ன சேலை? செட் சேலை. விசேஷ வீடுகளில் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி கட்டிக்கொண்டு நிற்பார்களே, அந்தச் சேலை. தரகர் இதைச் சொன்னதும் செட்டுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவர் வேலை நடுவில் ஸ்பேனரைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றுதான்.

“செட்டு சேலைங்களா?” என்று தரகரிடம் மறுபடி கேட்டார்.

புறப்பட்ட அன்று, பெண் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஆட்டையாம்பட்டியில் கை முறுக்கு வாங்கினோம். எங்கள் ஊர் முறுக்கு சத்தம் போட்டு உடையும். மாமாவுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா வர முடியவில்லை. காகாபாளையம் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. டயர் போய்விட்டது என்று நினைத்து நான் வண்டியை ஓரம் கட்டினேன். போனது டயர் இல்லை.

“பல்செட்டு செட்டாக மாட்டேங்குது கண்ணு,” என்றார் மாமா, அதைக் கையில் வைத்துக்கொண்டு.

அக்கா திரும்பிப் பார்த்தார். “உங்கள யாரு அதத் திங்கச் சொன்னது? போற எடத்துல வாயத் தொறக்காம இருங்க.”

“நான் பேசாம யாரு பேசுவா? நான்தான பெரியவன்?”

மாமா பல்செட்டைக் கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்போதே எனக்கு மனசு சரியில்லை. எனக்கு எப்போதுமே சரியில்லாததால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பெண் வீட்டில் நல்ல மரியாதை. பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்தார். உள்ளே சுவரோரம் சேலைக் கட்டுகள் மோட்டுவளை வரைக்கும் அடுக்கியிருந்தன. பெண் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, மற்ற இடங்களைப் போல உள்ளே ஓடாமல், கட்டு ஒன்றின் பக்கத்தில் நின்றார். நல்ல உயரம். காதில் பேனா செருகியிருந்தார். அதை எடுக்க மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

செட்டுக்காரர் பெண்ணைப் பார்க்காமல் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் தொடையில் கிள்ளினார். அப்போதும் அவர் கட்டைத்தான் பார்த்தார்.

“ஏனுங்க, அந்தச் செட்டுல ஒண்ணு மாறி இருக்குதுங்களே?”

பெண் திரும்பிப் பார்த்தார். மாம்பழ நிறத்தில் அடுக்கிய சேலைகளின் நடுவில் ஒன்றுக்கு மட்டும் கரை வேறு.

“ஆமாங்க. தறியில தப்பு நடந்து போச்சு. நாளைக்கு அனுப்போணும். அந்த ஒண்ணுக்காக மொத்தமும் நிக்குது.”

“பின்ன? ஒண்ணு மாறுனாலும் செட்டு செட்டாகாதுங்களே. எங்க பாத்திரத்துல ஒரு கரண்டி கொறஞ்சா எனக்கு அன்னைக்குத் தூக்கம் வராது.”

“எனக்கும்ங்க” என்றார் பெண்.

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். ஆனால் நான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கவலைப்படாமல் ஒரு மடக்குக் காபி குடித்தேன். அந்த மடக்கு முடிவதற்குள் பெண்ணின் அப்பா கேட்டுவிட்டார்.

“மாப்பிள்ளைக்குத் தொழிலெல்லாம் எப்படிங்க? வசதி எப்படி?”

கேள்வி பொதுவாகத்தான் வந்தது. பதில் சொல்ல மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சாமான் போட்டு வைக்க செட்டுக்காரர் மூன்று ஊரில் தகரக் கொட்டகை எடுத்திருந்தார். ஆட்டையாம்பட்டி, சங்ககிரி, குமாரபாளையம். மாமா சொல்ல நினைத்தது இது: ‘மூணு ஊருல செட்டு. அப்பப்பப் போயிப் பாத்துக்குவாரு.’ பல் இருந்திருந்தால் ‘செட்டு’வுக்குப் பின்னால் ஒரு நிறுத்தம் விழுந்திருக்கும். பல் பையில் இருந்தது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இப்படி வந்தது:

“மூணு ஊருல செட்டப்பப்போயிப் பாத்துக்குவாருங்க.”

பெண்ணின் அப்பா கையிலிருந்த டம்ளரை இறக்கினார். “என்னங்க? செட்டப்புங்களா?”

மாமாவுக்குக் காதும் கொஞ்சம் மந்தம். சந்தோஷமாகத் தலையை ஆட்டினார்.

“ஆமாங்க, மூணு ஊருல. ஒண்ணுக்கும் கொறை வெக்க மாட்டாரு. முகூர்த்த நாளுன்னா அங்கயே தங்கிக்குவாரு. மாசம் பொறந்தா மூணுக்கும் வாடகை கரெக்டாப் போயிரும்.”

ஊருக்குத் தெரியாமல் ஓர் ஆள் ஒரு பெண்ணைத் தனியாகக் குடி வைத்திருந்தால் அதற்குச் செட்டப்பு என்றுதான் எங்கள் பக்கமும் பேர். எந்த வீட்டிலும் சத்தமாகச் சொல்லாத வார்த்தை. மாமா அதைப் பெண் வீட்டுக் கூடத்தில், முறுக்குத் தட்டுக்கு முன்னால், மூன்று மடங்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. மாமாவின் பேச்சைப் பல வருஷமாகக் கேட்டுப் பழகியவர்கள் என்பதால், எங்கள் காது தானாகவே அதைச் சரியாகப் பிரித்துக்கொண்டது. பெண்ணின் அப்பா திருப்பிக் கேட்டதும் எங்களுக்கு ‘செட்டுங்களா’ என்றுதான் விழுந்தது.

பெண்ணின் அம்மா முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்பா எழுந்து நின்றார்.

“சரிங்க. சொல்லி அனுப்பறோமுங்க.”

திரும்பி வரும்போது அக்கா, “ஏன் அப்படிப் பட்டுனு எந்திரிச்சுட்டாங்க?” என்று கேட்டபடியே வந்தார். செட்டுக்காரர் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “அந்த ஒரு சேலைய மாத்திட்டாங்கன்னா செட்டாயிரும்” என்றார். அவருக்குச் சேலை ஞாபகம்தான்.

ரெண்டு நாள் கழித்துத் தரகர் எனக்குப் போன் பண்ணினார். செட்டுக்காரரிடம் நேராகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“மூணு செட்டப்பு வெச்சிருக்கற ஆளுக்கு யாருங்க தம்பி பொண்ணு குடுப்பாங்க? அதையும் பெருமையா அவிங்க ஊட்டுக்கே போயிச் சொல்லுவாங்களா?”

போனை வைத்துவிட்டு, மாமா சொன்ன வாக்கியத்தை மனசுக்குள் பிரித்துப் போட்டேன், சேர்த்துப் போட்டேன். சேர்த்துப் போட்டபோதுதான் புரிந்தது. கடைக்குப் போய்ச் செட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சீரியல் பல்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“தரகருகிட்டச் சொல்லி வெவரத்த எடுத்துச் சொல்லலாமுங்கண்ணா.”

“என்னன்னு? மூணு ஊருல செட்டுத்தான் இருக்குது, செட்டப்பு இல்லைன்னா? அந்த வார்த்தைய நான் எந்தப் பக்கம் எடுத்தாலும் கையக் கடிக்குமே கண்ணு.”

மறுநாள் காலை ஓட்டலில் உட்கார்ந்து, “ரெண்டு தோசை” என்றார்.

மாஸ்டர் கரண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். சப்ளையர் என்னைப் பார்த்தான். பக்கத்து மேசையில் லாரி டிரைவர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். “ஒடம்புக்கு முடியலீங்களா?” என்று மாஸ்டர் கேட்டார். “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றார் செட்டுக்காரர். அதற்கப்புறம் வந்த நாட்களில் மைக் செட்டை ‘அந்த சாமானு’ என்றார். பந்தலை ‘கீத்து’ என்றார். நான் வேண்டுமென்றே, “காத்து வருமாட்டத் தெரியுதுங்கண்ணா” என்று பயந்து காட்டினேன். முதுகில் தட்டுவார், அந்தச் சொல்லைச் சொல்வார் என்று பார்த்தேன். “வந்தா வருது” என்றார். உண்மையாகவே பயந்துவிட்டேன்.

இனி வருவது பிற்பாடு அந்தப் பெண்ணே எங்களுக்குச் சொன்னது.

அவருக்கு மனசு ஒப்பவில்லை. சேலைக் கட்டில் ஒரு கரை மாறியதற்குத் தூக்கம் போகிற ஆள், மூன்று ஊரில் மூன்று குடும்பம் வைத்து எப்படிச் சமாளிப்பார் என்று யோசித்திருக்கிறார். “அதுவுமில்லாம மூணு செட்டப்பு வெச்சிருக்கற மூஞ்சியாங்க அது? அந்த மூஞ்சிக்கு ஒண்ணே சிரமம்” என்று அவரே சொன்னார். அவர் அடிக்கடி போகிற ஊர்கள் எவை என்று தரகரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, குமாரபாளையத்தில் தறிக்காரர்களிடம் சேலை எடுக்கப் போன இடத்தில், தெருவை விசாரித்துக்கொண்டு ஸ்கூட்டரில் போயே விட்டார்.

கொட்டகைக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அம்மா நூல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஏனுங்க்கா, ஆட்டையாம்பட்டி செட்டுக்காரரு இங்க வருவாருங்களா?”

“வருவாரு அம்மிணி. முகூர்த்த நாளுன்னா தப்பாம வந்துருவாரு. வேன்ல ஏத்திக்கிட்டுப் போவாரு. முடிஞ்சதும் பத்தரமா கொண்டாந்து உட்டுருவாரு. அதுல ஒரு கொறை சொல்லக் கூடாது.”

பெண் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கினார். “ஒண்ணுதானுங்களா?”

“ஒண்ணா? நாலு இருக்குது. அதுல ரெண்டு நெம்பப் பழசு. தொண்டை கம்மிப்போச்சு. ஊர்ல எல்லாரும் தள்ளிட்டுப் புதுசு வெச்சுக்கங்கன்னு சொல்றாங்க. கேக்க மாட்டேங்கறாரு. இத்தன வருசம் எனக்காகக் கத்துச்சு, இப்பத் தள்ளீட்டாப் பாவம்ங்கறாரு. அவரு வேட்டியவே போத்திப் படுக்க வெச்சிருக்காரு.”

“நான் பாக்கலாங்களா?”

“பாரேன். சாவி எங்கிட்டத்தான இருக்குது.”

“பூட்டியா வெச்சிருக்காரு?”

“பின்ன, தொறந்து போட்டா எவனாவது தூக்கிக்கிட்டுப் போயிர மாட்டானா?”

கதவைத் திறந்ததும் உள்ளே நாலு குழாய் ஸ்பீக்கர்கள் வரிசையாகப் பழைய வேட்டி போர்த்திப் படுத்திருந்தன. பெண் அங்கே கவிழ்த்து வைத்திருந்த சாம்பார் அண்டாவின்மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்திருக்கிறார். நூல் சுற்றிய அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். சிரித்து முடித்ததும் சும்மா வரவில்லை. வேட்டிகள் கோணல்மாணலாகப் போர்த்தியிருந்ததை எடுத்து உதறி, சேலை மடிக்கிற மாதிரி மடிப்பு எடுத்துப் போர்த்திவிட்டு வந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் கடையில் போன் அடித்தது. செட்டுக்காரர் கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். அதனால் நானும் கேட்டேன்.

“நான் இளம்பிள்ளைலிருந்து பேசறேனுங்க. குமாரபாளையத்துல உங்க செட்டப்புகளப் பாத்துட்டேனுங்க.”

செட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். “அது வந்துங்க... அதுல நாலும்...”

“நாலும் நல்லா இருக்குதுங்க. அந்த ரெண்டு பெரியவிங்களுக்கு மட்டும் தொண்டைக்கு ஏதாச்சும் பாருங்க. எங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு, பொறவு எங்க ஊட்டுக்கு வந்தா உங்க மாமாவப் பல்லப் போட்டுக்கிட்டுப் பேசச் சொல்லுங்க.”

“சொல்றேனுங்க.” பிறகு இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். “அந்தச் சேலைச் செட்டு என்னங்க ஆச்சு?”

“மாத்துச் சேலை வந்துருச்சுங்க. செட்டாயிருச்சு.”

மறுநாள் காலை ஓட்டலில் அவர் உட்காரும்போது மாஸ்டர் அடுப்பை விட்டே வெளியில் வந்து நின்றார். செட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாக அமர்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒரு செட்டு.”

லாரி டிரைவர் ஒருத்தர் அவர்பாட்டுக்கு, “அப்பாடா” என்றார்.

கல்யாணத்தன்று எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் பெண் கடையிலிருந்து வந்த மாம்பழ நிறச் செட் சேலையில் நின்றார்கள். மாமா பல்லைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, வந்தவர்களை நிறுத்தி நிறுத்தி வரவேற்றார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஓர் ஆள் புகுந்து போகலாம். மைக் செட் முழுப் பொறுப்பும் என்னிடம். குமாரபாளையத்திலிருந்து நாலு குழாயும் வந்திருந்தன. அந்தப் பழைய ரெண்டையும் கட்டியே ஆக வேண்டும் என்பது பெண்ணின் உத்தரவு.

மணவறையில் உட்கார்ந்திருந்த செட்டுக்காரருக்கு அன்றைக்கு உதறல். மாலை ஆடுவது எனக்கு ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்தே தெரிந்தது. சீரியல் பல்பு ஒன்று அணைந்தாலும் கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டார். ஒருமுறை பல்பைச் சரி பண்ணப் போகிற சாக்கில் பக்கத்தில் போய்க் குனிந்து, “செட்டாயிருமுங்கண்ணா” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீயே சொன்னா ஆயிரும் சாமி. உன்ற வாயில இந்த வார்த்தை வந்ததே இல்லியே.”

தாலி கட்டி முடிந்து போட்டோ நேரம் வந்தது. போட்டோகிராபர் ஒவ்வொரு கூட்டமாகக் கூப்பிட்டார். பங்காளிகள், மாமன் மச்சான்கள், பெண் வீட்டு ஒறம்பரை. கடைசியில், “மாப்பிள்ளை செட்டு எல்லாம் மேல வாங்க” என்றார். அவரோடு பத்தாவது படித்தவர்கள் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறினார்கள். நான் ஃபியூஸ் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக நான் நிற்கிற இடம்தான் அது.

செட்டுக்காரர் பக்கத்தில் இருந்த மைக்கை எடுத்தார். ஏதோ உறுமல் சத்தம் கேட்கிறது, அதைச் சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் வால்யூமைக் குறைக்கக் கை வைத்தேன்.

“சாமி, அத உட்டுட்டு மேல வா.”

நான் கையை ஆட்டி, இல்லை, ஃபியூஸ் என்று சைகை காட்டினேன். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு எதையும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். “அவரும் உங்ககூடப் படிச்சவருங்களா மாப்பிள்ளை?” என்று கேட்டார்.

“இல்லீங்க மாமா. அவன் படிப்பப் பாதில உட்டுட்டான். ஆனா நம்ம செட்டு.”

மைக் ஆனில் இருந்தது. மண்டபத்துக்கு உள்ளேயும் வெளியே ரோடு வரைக்கும் நாலு குழாயும் அதைச் சொல்லின. அதில் ரெண்டு, தொண்டை கம்மியபடி. நான் ஃபியூஸைத் திரும்பத் தொட்டுப் பார்க்காமலே மேடை ஏறினேன்.